திரையில் நின்ற எழுத்து

அக். 14, செவ்வாய்

காலையிலிருந்து மப்பு. மழை இல்லை. வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், முட்டிக்குத் தைலம். எதற்கும் போகவில்லை.

ஸ்டெல்லா அழுத முகத்தோடு வந்தாள். துவாக்குடியில் அவள் கம்பெனியில் சனிக்கிழமையே ஆயுத பூசை. லேத்துக்கு வைத்த மாதிரி கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம். திரையில் கம்பெனி பெயர், பெரிய எழுத்தில். விஜயதசமி முடியும் வரை அணைக்கக் கூடாது, வெளிச்சத்தை முழுக்க ஏற்று, விளக்கு மாதிரி எரியட்டும் என்றாராம் மானேஜர் ராகவன். இவள் செய்தாள். பாழாய்ப்போன கரண்டும் அத்தனை நாளும் போகவில்லை.

இன்று திரையில் கணக்கைப் போட்டால் அதற்குப் பின்னால் கம்பெனி பெயர். அணைத்தாலும் கண்ணாடியில் பழுப்பாக நிற்கிறதாம். யார் பண்ணினது என்று முதலாளி கேட்க, ராகவன் தரையைப் பார்த்திருக்கிறார். பழி என் மகள் மேல். டிரெயினிங் இந்த மாதம் முடிகிறது. இனி நிரந்தரம் ஆக்குவார்களா.

அக். 15, புதன்

தூறல். ஏன் அப்படி ஆகும் என்று கேட்டேன். சோறு பிசைந்துகொண்டே சொன்னாள். நான் பள்ளிக்கூடம் போகாதவன். இந்த எழுத்தே ரிடையரான பிறகு அவள் சொல்லிக்கொடுத்தது. ஆனால் காதில் விழுந்தது போகாது.

திரை ஒரு பெரிய கண்ணாடிக் குழாய். உள்ளே காற்று கிடையாது. பின்கழுத்திலிருந்து ஒரு கதிர் வந்து, முன்கண்ணாடியில் உள்பக்கம் பூசிய பொடியில் அடிக்கும். பட்ட இடம் பச்சையாக ஒளிரும், உடனே மங்கும். அதனால் அந்தக் கதிர் ஓயாமல் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். நாள் கணக்கில் ஒரே இடத்தில் அடித்தால் பொடி செத்துப் போகும். கலர் டிவிக்கு மூன்று நிறப் பொடி. தம்பி மகனின் சிங்கப்பூர் வாட்ச் வேறு ரகம்: உள்ளே ஏதோ திரவம், கரண்டு பட்ட இடம் கறுக்கும், சொந்த வெளிச்சம் இல்லை.

நான் வந்து முதலாளியிடம் பேசட்டுமா என்றேன்.

"நீங்க வந்தீங்கன்னா அப்புறம் நான் அங்க தலை நிமிந்து நடக்க முடியாதுப்பா."

சரி என்றேன்.

அக். 16, வியாழன்

இருப்புக் கொள்ளவில்லை. பாலக்கரையில் பஸ் ஏறிவிட்டேன். கம்பெனிக்கு எதிரே டீக்கடை. உள்ளே போகும் எண்ணம் இல்லை. எதற்கு வந்தேன் என்றும் தெரியவில்லை.

நாமம் போட்ட ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் சரியாச்சா ராகவன் சார் என்று கடைக்காரர் கேட்டார்.

"எங்க? குழாயையே மாத்தணுமாம். அந்தப் பொண்ணு வாயே தொறக்கல. நானும் தொறக்கல." என் பக்கம் திரும்பினார். "ரெண்டு பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணணும் பெரியவரே. இந்த வயசுல என்னை வெளிய அனுப்பினா எங்க போவேன், சொல்லுங்கோ."

"எனக்கும் ஒரு பொண்ணு பாக்கி இருக்குங்க. ஸ்டெல்லா."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அக். 17, வெள்ளி

வெயில். முட்டி வீக்கம்.

ராகவன் ஒப்புக்கொண்டாராம். முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினாராம். அவர் வேலை போகவில்லை, நல்லது. டீக்கடையில் உங்கப்பாவைப் பார்த்தேன் என்று இவளிடம் சொல்லியிருக்கிறார்.

"அவர்கிட்ட நானே கேக்கறதாத்தான் இருந்தேன். ரெண்டு நாள் பொறுக்க முடியலையாப்பா உங்களால?"

தட்டை எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் அவள் அம்மாவோடு சாப்பிட்டாள்.

அக். 20, திங்கள்

மழை. தைலம் வாங்கியாச்சு.

வேலை நிரந்தரம். அடுப்படியில் அவள் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். கூடத்தில் எனக்குக் கேட்டது.