காருக்கு அடியில் என்ன நிறம்

மார்ச் 4, செவ்வாய்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. காலையில் வீட்டுக்காரர் போன். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போன மனுஷன், பங்குனி நோம்பித் திருவிழாவுக்கு வருகிறாராம்! "அதுக்குள்ள காருக்கு அடியில லைட்டு மாட்டி வெச்சுரு. கலரு உன்ற இஷ்டம்."

என் இஷ்டமாம். சீட் கவர், பின்னால் நிற்கும் அந்த றெக்கை, அகலச் சக்கரம், எதற்குமே என்னைக் கேட்டதில்லை. நாள் முழுக்க அதே சந்தோஷம். பைத்தியம் எனக்கு.

துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

மார்ச் 5, புதன்

காரை நானே நாமக்கல் கடைக்கு ஓட்டிப் போனேன். சாம்பிள் பார்த்தது:

வெள்ளை. ஆஸ்பத்திரி.
பச்சை. கோயில் சீரியல் பல்பு.
மஞ்சள். முட்டைக் கரு. இந்த ஊரில் பார்த்தது போதாதா?
சிவப்பும் நீலமும். "வேண்டாங்கக்கா, போலீசு வண்டியாட்டம் இருக்கும், புடிச்சுக்குவாங்க" என்றார் கடைக்காரர்.

கத்திரிப்பூ நிறம் ஒன்று. அதை அடியில் வைத்து எரியவிட்டார். உள்ளே டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், என் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"எரியுதுங்களா தம்பி?"

"ஜம்முனு எரியுதுங்க. உள்ள இருந்தா தெரியாதுங்கக்கா. வெளிய நிக்கறவங்களுக்குத்தான்."

வீட்டுக்காரர் கிளம்பும்போதெல்லாம் வெளியே நிற்பது நான்தானே. மாட்டாமலே திரும்பிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

அவரிடம் போனில் கேட்டேன், எதுக்குங்க இந்த லைட்டு என்று.

"இங்க சுத்தியும் பொட்டல்காடு. நம்மூட்டு வாசல்ல கார் மினுமினுன்னு நிக்கற மாதிரி நெனச்சுக்குவேன். நானு உள்ள, நீ பக்கத்துல."

"அப்ப ரெண்டு பேருக்குமே தெரியாதுங்களே!"

சிரித்தார். அந்தச் சிரிப்பை நேரில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

நோம்பிக்கு வரவில்லையாம். "வேலை நெறைய வந்துருச்சு சாமி. வைகாசில கண்டிப்பா வாரேன்." சரிங்க என்று வைத்துவிட்டேன். குழம்பு தீய்ந்தது. யாருக்காகத்தான் சமைக்கிறேனோ.

மார்ச் 11, செவ்வாய்

மாட்டியாயிற்று. கத்திரிப்பூ நிறம்தான். இந்த நிறத்தில் சேலை கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம், காராவது கட்டிக்கொள்ளட்டும்.

பொழுது சாய்ந்ததும் வீடியோவில் கூப்பிட்டார், லைட்டைக் காட்டச் சொல்லி. நாத்தனார் கோமதி வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் காரை எடுத்தேன். தெருமுனை தாண்டி, ரோட்டில் கொஞ்ச தூரம். வேண்டுமென்றேதான் தாமதமாகத் திரும்பினேன்.

"அண்ணன் இன்னும் லைன்லயே இருக்குது அண்ணி."

போனை வாங்கினேன். கலர் எப்படிங்க என்றேன். கலரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"நீ முனை திரும்பிப் போயிட்ட. அப்பறம் வெறும் தெருதான் தெரிஞ்சுது," என்றார். "நானு கெளம்பறப்ப உனக்கு இப்படித்தான் இருக்குமா?"

ஆமாங்க என்றேன்.