அம்மாவுக்கு டயர் வாங்கிய கதை

என் செல்ல வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம், அம்மாவும் சௌக்கியம், அம்மாவின் இடது முழங்கை மட்டும் முக்கால் சௌக்கியம். அங்கே நீ ஜலதோஷம் விட்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் நான் ஆரம்பித்தாலே அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், என் கதை பாதியில் நிற்கிறது, அதனால்தான் தையல் கடையைப் பாதி நாள் சாத்திவிட்டு, துணி வெட்டும் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நல்ல சேதிதான், பதறாதே, ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். கடைசிப் பக்கத்துக்கு ஓடினாயானால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நீ விட்டுப்போன ரேஸ் சைக்கிளில் போன மாதம் அம்மா முதல் பந்தயத்துக்குப் போய், காய்கறிச் சந்தை வளைவில் ஈரத்தில் சறுக்கி விழுந்தது உனக்குத் தெரியும். அது முழுக்க முழுக்க என் தப்பு என்பது உனக்குத் தெரியாது. உன் பழைய ஒல்லி டயரில் கல்லு மாதிரி காற்றடித்துக் கொடுத்தது நான்தான். டயர் கெட்டியாக இருந்தால் சைக்கிள் பறக்கும் என்று யாரோ சொன்னார்கள், யோசித்துப் பார்த்தால் நானேதான் சொல்லியிருப்பேன். கட்டுப்போட்ட கையோடு அம்மா சொன்னாள், இன்னொரு பந்தயம் போறேன், அந்த வளைவுல மறுபடி விழுந்தேன்னா சைக்கிளை உங்க பொண்ணுக்கே பார்சல் பண்ணிடுங்க, எனக்கு வேணாம் என்று. நீ ஊரை விட்டுப் போன பிறகு இந்த வீட்டில் தையல் மெஷின் சத்தம் மட்டும்தான் இருந்தது, அது உனக்கே தெரியும். ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, பேசாமல் படுத்துக்கொள்கிறவள், சைக்கிள் ஏற ஆரம்பித்த பிறகு குளியலறையில் பாடுகிறாள், கதவுக்கு வெளியே நிற்கிற என்னைத் தாளம் போடச் சொல்கிறாள். அந்தப் பாட்டு நின்றுபோகக் கூடாது, எனக்கு அவ்வளவுதான்.

அதனால்தான் உன்னிடம் போனில் எந்த டயர் என்று கேட்டேன். நீயும் இருபத்தஞ்சு மில்லிமீட்டர் அகலம் வாங்குங்கப்பா, அதுக்கு மேல அந்த சைக்கிள் தாங்காது என்று தெளிவாகத்தான் சொன்னாய். ஆனால் அப்போது என் வாயில் ஆறு குண்டூசி, எதிரே பேங்க் மேனேஜர் கையைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு அளவு கொடுக்கிறார், நான் ம்ம் ம்ம் என்று சொல்லிவிட்டேன். கடைக்குப் போனபோது இருபத்தைந்து ஞாபகம் இருந்தது, ஆனால் நாற்பது வருஷமாக எந்தத் துணியையும் நான் அளவுக்குச் சரியாக வெட்டியதில்லையே, பின்னால் பிரித்துவிட இரண்டு விரற்கடை உள்ளே விட்டுத்தானே பழக்கம்? கை தானாக முப்பத்திரண்டைக் காட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து, கடை மூலையில் பழைய போர்வையை விரித்து, வியர்த்து விறுவிறுத்து மாட்டினால், சக்கரம் நகரவே மாட்டேன் என்கிறது! பிரேக்கிலும் இடிக்கிறது, மேலே கம்பியிலும் இடிக்கிறது. நான் சும்மா இருந்தேனா, இடிக்கிற இடத்திலெல்லாம் தையல் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, என்னங்க, ஓரம் அடிக்கப் போறீங்களா என்று கேட்டாள் பார், சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் இந்த மேஜை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் இரண்டு பேருமாகப் போய் மாற்றினோம். சைக்கிள் கடைக்காரர் சாக்பீஸ் கோட்டைப் பார்த்துவிட்டு, ஏன் சார், வளர்ற பிள்ளைக்குச் சட்டை எடுக்கிற மாதிரி வாங்கிட்டீங்களே என்று மானத்தை வாங்கிவிட்டார். இருபத்தைந்திலேயே இரண்டு தினுசு வைத்தார். ஒன்று கெட்டி ரப்பர், வருஷக் கணக்கில் உழைக்குமாம். இன்னொன்று மெத்தென்ற ரப்பர், சீக்கிரம் தேய்ந்துவிடுமாம். நான் ஆயுசு பூராவும் துணியை உழைப்பு பார்த்து எடுத்தவன், என் கை எதற்குப் போயிருக்கும் என்று உனக்கே தெரியும். அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள், ஈரத்துல எது பிடிக்கும் என்று. அவர் மெத்தென்றதைக் காட்டினார். வழவழவென்று ஒரு கோடுகூட இல்லையே, வழுக்காதா என்றேன். தார் ரோட்டில் ரப்பர் முழுசாகப் பதிந்தால்தான் பிடிக்குமாம், கோடு போட்டால் பார்க்க அழகாயிருக்குமே தவிர வேறொன்றும் இல்லையாம். அப்படிப் பதியத்தான் காற்றும் கம்மியாக அடிக்கச் சொன்னார். அம்மா உடனே பையிலிருந்து ஒரு மாத்திரைக் கவரை எடுத்து, முன் சக்கரம் எழுபது, பின் சக்கரம் எழுபத்தைந்து, ஓட்டுவதற்கு முன் என்று மருந்துச் சீட்டு மாதிரியே எழுதி என் சட்டைப் பையில் போட்டாள். ஒரு புள்ளி கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம், விடிந்தால் மழை! எனக்கு உயிரே இல்லை. பன்னிரண்டு பேர், ஆறு சுற்று. எல்லாக் குடும்பமும் முடிகிற இடத்தில் நிற்க, நான் மட்டும் குடையோடு சந்தை வளைவில் நின்றேன். முதல் சுற்றில் அம்மா வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன், சத்தம் ஒன்றும் கேட்கவில்லை, திறந்தால் போயே போய்விட்டாள். இரண்டாவது சுற்றில் ஒரு கண்ணைத் திறந்தேன். மூன்றாவதில் குடையை எங்கே விட்டேன் என்று தெரியாது, இன்னும் கிடைக்கவில்லை. ஆறு சுற்றும் முடிந்தது, ஒன்பதாவதாக வந்தாள், ஆட்கள் கைதட்டுவது எனக்கே கேட்டது. அப்பாடா என்று திரும்பி நடக்கிறேன், பின்னாலே விசில் சத்தம். பார்த்தால் அம்மா மறுபடி வருகிறாள்! ரோடே காலி, இவள் மட்டும், விசில்காரர் முடிஞ்சுபோச்சும்மா, நில்லுங்கம்மா என்று மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வருகிறார். விழுந்தாளே, அதே வளைவு, அதே ஈரம், அங்கே ஒரு கையை எடுத்து எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனாள், இடது கை. நான் நடுரோட்டில் நின்று அழுதேன், மழையில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு கேட்டதற்கு, நிறுத்த மனசே வரலங்க என்றாள்.

நீ மகராசியாக இரு, எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும். சைக்கிள் இனி உனக்குக் கிடையாது, சீட்டை இரண்டு விரற்கடை இறக்கியாகிவிட்டது, லீவுக்கு வந்தால் நடந்தே போ. இன்னொரு விஷயம், மறக்காமல் பதில் போடு. கடைக்காரர் அந்த முப்பத்திரண்டு டயரைச் சாக்பீஸ் கோட்டோடு தனியாக எடுத்து வைத்திருக்கிறார், அதற்குத் தோதான ஒரு சைக்கிளும் கடையில் நிற்கிறது. என் எடை எண்பத்து நாலு கிலோ. எவ்வளவு காற்றடிக்க வேண்டும் என்று சொல், இந்தத் தடவை வாயில் குண்டூசி இல்லாமல் கேட்கிறேன்.

அம்மாவுக்குப் பின்னால் ஓட்டப்போகும்,
உன் அப்பா