கல்யாணக் காட்சியை முதலில் எடுத்தார்கள்

மார்ச் 11, செவ்வாய்

மழை. சட்டைகளை ஸ்திரி செய்து, வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறம் வரை அலுமாரியில் தொங்கவிட்டேன். மத்தியானத்துக்கு முன் அடுத்த தெரு யோகராஜா வந்தார். கூடவே அவருடைய தங்கையின் மகள் ஜதுர்ஷிகா. அந்தப் பிள்ளை படம் எடுக்கிறாள். கதை இது: யாழ்ப்பாணத்தில் கல்யாணம் பேசிவைத்த இருவர் போரில் பிரிந்துவிடுகிறார்கள். போர் முடிந்த பிறகு, வயதான காலத்தில், லண்டன் ஹரோவில் ஒரு பஸ் தரிப்பில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். படத்துக்கு இன்னும் பெயர் இல்லை. கதாநாயகன் யோகராஜா. மேக்கப் செலவு மிச்சம் என்று அவரே சொன்னார்.

எனக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதும் வேலை. "கணேசலிங்கம் அண்ணை குரோய்டனில அகதிக் கேஸுகளுக்கு மொழிபெயர்த்தவர்" என்று யோகராஜா என்னை அறிமுகம் செய்தார். அது உண்மை. அதற்கு மேல் என்னைப்பற்றிச் சொல்ல அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

மார்ச் 19, புதன்

ஜதுர்ஷிகா வீட்டில் வாசிப்புப் பயிற்சி. கதாநாயகி பாலாம்பிகை. போர் முடிந்து வன்னியிலிருந்து வந்தவர். கணவர் அங்கேயே கடைசி நாட்களில் இறந்துவிட்டார். மகன் றஜீவனோடு கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறார். இதற்கு முன் நடித்ததில்லை. கோயில் அன்னதான வரிசையில் இடையில் புகுந்த ஒருவரை அவர் ஏசிய அழகைப் பார்த்து ஜதுர்ஷிகா அங்கேயே பேசி முடித்தாளாம்.

வாசிக்கத் தொடங்கியதுமே நிறுத்தினார்.

"இதென்ன பிள்ளை, 'உங்கள் நினைவே என் சுவாசம்' எண்டு எழுதியிருக்கிறாய்? கனகாலத்துக்குப் பிறகு கண்டால் ஆர் இப்பிடிக் கதைப்பினம்? 'என்ன, மெலிஞ்சு போனியள்' எண்டுதான் கேப்பினம்."

"அன்ரி, இது ரொமான்ஸ்."

"மெலிஞ்சு போனதைக் கண்டுபிடிக்கிறது ரொமான்ஸ் இல்லையோ?"

வசனம் மாற்றப்பட்டது. சப்டைட்டிலை நானும் மாற்றினேன். சரியாக இருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். "எனக்கு இங்கிலீசு விளங்காது அண்ணை. நீங்கள் பிழையாப் போடுற ஆள் மாதிரித் தெரியேல்லை" என்றார்.

ஜூனில் கனடாவில் இருக்கும் மூத்த மகளிடம் போய்விடுவாராம். ஒரேயடியாக. றஜீவன் டிக்கெட்டும் எடுத்துவிட்டானாம்.

இதை நான் ஏன் இங்கே எழுதுகிறேன்?

மார்ச் 22, சனி

பயிற்சிக்கு என் தேவை இல்லை என்று சொன்னார்கள். போனேன்.

மார்ச் 27, வியாழன்

யோகராஜா படத்திலிருந்து விலகிவிட்டார். விலக்கப்பட்டார் என்பதே சரி. அவருடைய மனைவி சொன்னதை ஜதுர்ஷிகா அப்படியே நடித்துக் காட்டினாள்: "இத்தனை வருஷத்தில எனக்கொரு பூ வாங்கித் தந்ததில்லை. இப்ப கமராக்கு முன்னால ஒருத்திக்குத் தாலி கட்டப் போறாராம். கட்டட்டும். கட்டிப்போட்டு அங்கயே சாப்பிடட்டும்."

எல்லா வசனமும் எனக்கு மனப்பாடம் என்பதால் நான் நடிக்க வேண்டுமாம். வசனம் தெரிவதும் நடிப்பதும் வேறு வேறு என்று விளக்கினேன். என் குரல் கடைசி வரிசைக்குக் கேட்காது என்றேன். கையில் நடுக்கம் உண்டு என்றேன். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, வேட்டியின் நீளம் சரியா என்று பார்க்கச் சொன்னாள்.

நான் கல்யாணம் செய்யாதவன். தங்கைமாரின் கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது. அதன் பிறகு ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் ஒருவரையும் கேட்கவில்லை. இதில் கதை எதுவும் இல்லை.

ஏப்ரல் 5, சனி

நாளை முதல் நாள் படப்பிடிப்பு. எடுக்கப்போவது கல்யாணக் காட்சி. ஹரோவில் இன்று யாருடையவோ உண்மையான கல்யாணம். அவர்கள் போட்ட மணவறை நாளை பின்னேரம் வரை மண்டபத்தில் இருக்குமாம். சோடனைக்காரரைப் பிடித்து ஜதுர்ஷிகா பேசிவிட்டாள்.

முதலில் சந்திப்பை எடுத்தால் எனக்கு உதவியாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அங்கிள், படத்தை ஓடராய் எடுக்கிறேல்லை. எடிட்டில எல்லாம் சரி வரும்."

ஆகவே நாங்கள் நாளை கல்யாணம் செய்து, அதன் பிறகு பழகி, கடைசியில் அறிமுகமாகவேண்டும்.

இந்தக் கிழமை முழுவதும் கதிரைக் காலில் மஞ்சள் கயிறு கட்டிப் பழகினேன். மூன்று முடிச்சு. இப்போது கண்ணை மூடிக்கொண்டும் போட வருகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

மண்டபத்தில் நேற்றைய மல்லிகையின் வாசம் கொஞ்சம் புளித்திருந்தது. பாலாம்பிகை அரக்குச் சேலையில் வந்தார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. காட்சிக்கு அதுவே பொருத்தம் என்றார்கள்.

தங்கத் தாலிக்கொடி இல்லாமல் என்ன யாழ்ப்பாணக் கல்யாணம் என்று யாரோ கேட்டார்கள். பாலாம்பிகைதான் பதில் சொன்னார்: "கடைசி நேரம் வன்னியில எத்தினை பிள்ளையளுக்கு மஞ்சள் கயித்தோட முடிஞ்சது. கொடிக்கு எங்க போறது? கயிறு காணும்."

ஐயர் உண்மையான ஐயர். அதுதான் சிக்கல். மாங்கல்ய மந்திரத்தைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். "சொன்னால் கல்யாணம் முடிஞ்சுபோம். நான் பிள்ளையார் தோத்திரம் சொல்லுறன், படம் பாக்கிறவைக்கு வித்தியாசம் தெரியாது." பிறகு என் பக்கம் குனிந்தார். "ஐயா, ரெண்டு முடிச்சோட கையை எடுத்துப்போடுங்கோ. படத்தில கட்டுறதெண்டால் எல்லாரும் அப்பிடித்தான். மூண்டாவது விழுந்தால் நான் பொறுப்பில்லை."

தலையை ஆட்டினேன். கேட்டது. விளங்கியது.

மேளம் ஒலிப்பதிவில் வந்தது. கயிற்றை எடுத்தேன். கை நடுங்கவில்லை. அதைத்தான் முதலில் சந்தேகித்திருக்க வேண்டும். ஒன்று. இரண்டு. மூன்று.

ஐயர் தோத்திரத்தை நடுவில் விட்டுவிட்டார்.

"கட்!" என்றாள் ஜதுர்ஷிகா. "சுப்பர் அங்கிள்! கயித்தைக் கழட்டிப்போட்டு குளோசப்புக்கு இன்னொருக்காப் போவம்."

பாலாம்பிகை கயிற்றைக் கையால் பொத்திக்கொண்டார்.

"இது கழட்டேலாது."

"அன்ரி, இது படத்துக்கு…"

"மூண்டும் விழுந்திட்டுது பிள்ளை. எனக்கு எண்ணத் தெரியும்." சத்தம் போடவில்லை. "அவர் செத்தண்டு என்ர கொடியை ஓடிக்கொண்டு கழட்டினனான். இருந்து அழக்கூட நேரமில்லை. இன்னொருக்கா நான் கழட்ட மாட்டன். நீ எடுத்தது காணாட்டில் என்ர கையைக் காட்டு, காலைக் காட்டு."

காலைக் காட்டினார்கள். மெட்டியைக் குளோசப்பில் எடுத்து இன்றைய படப்பிடிப்பை முடித்தார்கள்.

பழக்கத்தில் கை தானாகப் போட்டுவிட்டது என்று ஐயரிடம் சொன்னேன். அவர் நம்பினார். அவ்வளவு எளிதாக நம்பும்படி இருக்கிறேன்.

ஏப்ரல் 7, திங்கள்

ஒன்றும் செய்யவில்லை.

ஏப்ரல் 12, சனி

பூங்காவில் பழகும் காட்சிகள். படத்தில் இவை கல்யாணத்துக்கு முன்னால் நடப்பவை. ஆகவே கழுத்தில் கயிறு தெரியக்கூடாது. பாலாம்பிகை கம்பளிச் சால்வையை இறுகச் சுற்றிக்கொண்டு வந்தார். நல்ல வெயில். மற்றவர்கள் அரைக்கைச் சட்டையோடு படுத்திருந்தார்கள். அவருக்கு வியர்த்தது. "லண்டன் வெயில் ஒரு வெயிலே?" என்றார்.

இடைவேளையில் தோசைப் பார்சலைப் பிரித்து, சம்பலை என் பக்கம் தள்ளினார். "இஞ்சருங்கோ, உறைப்பெண்டால் தொடாதேங்கோ."

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஞாயிறு வரை நான் அண்ணை. இன்று முழுவதும் ஒருமுறை கூட அண்ணை இல்லை. எங்கள் ஆட்களில் பெண்கள் யாரை "இஞ்சருங்கோ" என்று கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். வாய்தவறி வந்திருக்கலாம். மூன்று முறை வாய்தவறுமா?

அவரிடம் கனடாவைப்பற்றிக் கேட்கலாம் என்று இருந்தேன். கேட்கவில்லை. சம்பல் உறைக்கவில்லை என்று சொன்னேன். உறைத்தது.

ஏப்ரல் 19, சனி

படப்பிடிப்புக்கு றஜீவன் வந்தான். நல்ல பிள்ளை, வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கேட்டான்.

"அங்கிள், கேக்கிறன் எண்டு கோவிக்காதேங்கோ. அம்மா வீட்டிலயும் அந்தக் கயித்தைக் கழட்டுறா இல்லை. ஆக்கள் கேக்கினம். அக்கா கனடாவில இருந்து ஒவ்வொரு நாளும் போன் அடிக்கிறா. இது என்ன? படமா, உண்மையா?"

பாலாம்பிகை பக்கத்தில்தான் நின்றார். சால்வையை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தினார்.

நான் சொன்னது, ஒரு சொல்லும் மாறாமல்: "நடிக்கும்போது தற்செயலாக நேர்ந்த தவறு. எந்த உள்நோக்கமும் இருக்கவில்லை."

"தாங்ஸ் அங்கிள்" என்றான் றஜீவன்.

அவர் சால்வையை மடித்து முடித்து, காரில் போய் ஏறினார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தற்செயலாக நேர்ந்த தவறு! என்ன தமிழ் அது? யாருக்கு மொழிபெயர்த்தேன்?

குரோய்டனில் எங்களுக்கு விதி உண்டு. எதிரில் இருப்பவர் சொல்வதை, அவராகவே நின்று சொல்லவேண்டும். "நான் ஓடி வந்தேன்", "நான் என் மகனைப் பார்க்கவில்லை". அத்தனை காலமும் நான், நான் என்று சொன்னேன். அதில் ஒன்றுகூட நான் இல்லை. சொந்தமாகச் சொல்ல ஒன்று வந்த இடத்தில் அறிக்கை வாசித்துவிட்டேன்.

போன் பண்ணுவமோ? பண்ணி என்னத்தைச் சொல்லுறது? அந்த மனுசி வெயிலுக்குள்ள சால்வையோட நிண்டது. எனக்காகவே நிண்டது? அப்பிடி நினைக்கிறதும் கொழுப்புத்தான். விசரன். நிண்ட இடத்தில வாய் வரேல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஜதுர்ஷிகா போன் செய்தாள். பாலாம்பிகை சொல்லி அனுப்பினாராம்: தவறு என்றால் திருத்த வேண்டும்; தான் கழற்றப்போவதில்லை; கட்டினவர் சனிக்கிழமை ஃபாரஸ்ட் கேட்டுக்கு வந்து அவிழ்த்துவிட்டுப் போகட்டும்.

ஓம் என்றேன்.

ஏப்ரல் 26, சனி

நகம் வெட்டிக்கொண்டு போனேன்.

தேநீர் தந்தார்கள். பிறகு பாலாம்பிகை குசினிக் கதிரையில் எனக்கு முதுகைக் காட்டி இருந்தார். றஜீவன் கத்தரிக்கோலை எடுத்தான்.

"கத்தரிக்கோல் வேண்டாம்" என்றார். "கட்டின மாதிரியே அவிழ்க்கட்டும்."

வெளிச்சம் போதவில்லை என்று றஜீவன் போன் லைட்டைப் பிடித்தான். முடிச்சுகளைப் பார்த்தேன். மஞ்சள் வெளுத்திருந்தது. அவருடைய பிடரியில் நரைமயிர் இரண்டு அதில் சிக்கியிருந்தது. முதலில் அதை எடுத்துவிட்டேன். பிறகு கயிற்றைப் பிடித்தேன். பிறகு கையை எடுத்தேன்.

"நான் அவிழ்க்க மாட்டன்."

"ஏன் அங்கிள், இறுகிட்டுதோ?" லைட்டை இன்னும் கிட்டப் பிடித்தான்.

"இல்லை. இளக்கமாய்த்தான் இருக்கு."

நான் இனி நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"அண்டைக்குச் சொன்னது பொய். ஐயர் ரெண்டெண்டு சொன்னது எனக்கு வடிவாக் கேட்டது. தெரிஞ்சுதான் போட்டனான். நீங்கள் கனடாக்குப் போறது எனக்கு விருப்பமில்லை."

பாலாம்பிகை திரும்பவில்லை.

"இதை ஏன் என்ர பிடரிக்குச் சொல்லுறியள்? முன்னால வந்து முகத்துக்குச் சொல்லுங்கோ."

கதிரையைச் சுற்றி முன்னால் வந்து, முழுவதையும் மறுபடி சொன்னேன். றஜீவன் லைட்டை அணைக்க மறந்து என் முகத்துக்கே பிடித்துக்கொண்டிருந்தான்.

பாலாம்பிகை அந்த லைட்டைக் கையால் தாழ்த்தினார்.

"தம்பி, அக்காவுக்கு போனைப் போடு" என்றார். "நான் கதைக்கிறன். இவர் இனி ஒண்டும் கதைக்க வேண்டாம். இண்டைக்குக் காணும்."

மே 3, சனி

கவுன்சிலில் கல்யாணப் பதிவுக்கு ஜூலையில்தான் நாள் கிடைத்தது. கனடா மகள் போனில் என்னிடம் ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டார். குரோய்டன் அதிகாரிகள் இவ்வளவு கேட்டதில்லை. யோகராஜா வீட்டிலிருந்து பலகாரம் வந்தது. அவருடைய மனைவியே கொண்டுவந்து தந்தார்.

மே 11, ஞாயிறு

கடைசி நாள் படப்பிடிப்பு. படத்தின் முதல் காட்சி. பஸ் தரிப்பில் நானும் அவரும் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாதவர்களாக நிற்கவேண்டும்.

வரவில்லை. முதல் தடவை அவர் கையில் இருந்த பையை நான் வாங்கிக்கொண்டேன். வாங்கியது எனக்கே தெரியாது. அடுத்த தடவை அவர் என் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துவிட்டார்.

"அன்ரி! நீங்கள் ரெண்டுபேரும் முப்பது வருஷமாய்க் காணாத ஆக்கள்!"

"அதுக்காண்டி? ஆளுக்கு இருமல் பிள்ளை. கழுத்து திறந்துகொண்டு நிக்குது."

றஜீவன் பொருட்களை ஏற்றி இறக்க வந்திருந்தான். இடையில் என்னைத் தனியே கூப்பிட்டான். ஏதோ பெரிதாகக் கேட்கப்போகிறான் என்று பயந்தேன். என் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறதா, அம்மாவுக்கு முழங்கால் நோ என்றான். இருக்கிறது, பெரும்பாலும் வேலை செய்யும் என்றேன்.

முடிவில் எங்களைத் தரிப்பின் இரண்டு முனைகளில் நிறுத்தி, ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது என்று கட்டளை போட்டாள் ஜதுர்ஷிகா. அது நன்றாக வந்தது. நான் தெருவைப் பார்த்தேன். அவர் எதிர்ப்புறம் பார்த்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது பஸ் வந்தது. உண்மையான பஸ். என் வீட்டுப் பக்கம் போவது. இந்த இரண்டு கிழமையில் இருவருமாக ஏறிப் பழகிப்போனது. அவர் ஏறினார். நானும் ஏறினேன். கதவு மூடியது.

இருக்கையில் இருந்த பிறகுதான் வெளியே ஜதுர்ஷிகா இரண்டு கையையும் அசைப்பது தெரிந்தது. அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பிப் போவோமா என்று கேட்டேன்.

"ஏறி இருந்திட்டம்" என்றார். "இனி இருப்பம். வீட்டில அரிசி இருக்கோ?"