கப்பல் நின்றால் நானும் நின்றுவிடுவேனா?

அன்புள்ள என் வாலுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் கை கால் திடமாக இருக்கிறோம், வாய் அதைவிடத் திடமாக இருக்கிறது. அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நலமாக இருப்பாய் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பெற்றவளுக்கு உன்னைத் தெரியாதா, அதனால் நலமாக இரு என்று உத்தரவாகவே எழுதிவிடுகிறேன். போனில் பேசாமல் இது என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று வெட்டிவிடுகிறாய், கடிதத்தை வெட்ட முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும். கப்பல் பணம் திரும்பி வந்துவிட்டது என்று நான் சொன்னதற்கு நீ போன வாரம் அனுப்பிய பதிலை மூன்று தடவை படித்தேன். நல்லதுக்குத்தான்மா நின்னுது, பணம்தான் வந்துடுச்சுல்ல, இனிமே கப்பல் பேச்சே வேண்டாம், ரெண்டு பேரும் வீட்ல நிம்மதியா இருங்க என்று எழுதியிருந்தாய். எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது, அதையும் உன் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

கோபத்துக்குக் காரணம் சொல்கிறேன் கேள். காதில் ஆபரேஷன் ஆனதிலிருந்து டாக்டர் என்னை விமானத்தில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார், அது உனக்குத் தெரியும். அதனால்தான் உன் ஊர்த் துறைமுகத்தில் ஒரு பகல் மட்டும் நிற்கிற அந்தக் கப்பலைத் தேடிப் பிடித்தேன். காலையில் இறங்கி உன்னைப் பார்த்து உன் கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் ஏறிவிடுவது, மற்ற நாளெல்லாம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது. அதற்கு உல்லாசக் கப்பல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எனக்கு உல்லாசம் அந்த ஒரு பகல்தான். நீ உன் புருஷன் வீட்டை விட்டு வெளியே வந்து தனியாக இருக்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது, இரண்டு வருஷமாக எங்களை வரவிடாமல் ஏதாவது ஒரு சாக்குச் சொல்கிறாய். வீடு சின்னது என்பாய், வேலை அதிகம் என்பாய், குளிர் என்பாய். உண்மைக் காரணத்தை ஒரே ஒரு தடவைதான் சொன்னாய், போன வருஷம் போனில் அழுதபோது. அப்பா முகத்தை எப்படிம்மா பார்ப்பேன் என்றாய். அப்பாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவரும் அந்த விஷயத்தைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊரில் உள்ள அத்தனை நோயையும் பற்றிப் பேசுகிற மனிதர் பெற்ற மகளைப் பற்றி மட்டும் வாய் திறக்காமல் இருந்தால் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது, எனக்கே தெரியாமல்தான் இருந்தது.

துறைமுகத்தில் நடந்ததை நீ அன்றைக்குப் பாதிதான் கேட்டாய், மீதியையும் கேள். முதல் வாசலிலேயே ஆரோக்கியப் பரிசோதனை. ஒரு நர்ஸ் பெண் நெற்றிக்கு நேரே ஒரு கருவியை நீட்டிச் சூடு பார்த்துவிட்டு, சமீபத்துல காய்ச்சல் இருமல் ஏதாவது உண்டா என்று கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, நான் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். உன் அப்பாவுக்கோ வெள்ளைக் கோட்டைக் கண்டால் போதும், சொந்தக்காரரைக் கண்ட மாதிரி. இடுப்பு வலியில் ஆரம்பித்து, செரிமானத்துக்கு வந்து, கண்ணில் நீர் வடிவதைச் சொல்லி, கடைசியில் போன வாரம் வந்த இருமல் எப்படி இருந்தது என்று இருமியே காட்டினார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். சட்டையில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். டாக்டர் வந்து பார்க்கிறவரை அவர் ஏறக் கூடாதாம், நான் ஏறலாமாம். உள்ளேயிருந்து அவர் கையை ஆட்டி நீ போ நீ போ என்று ஜாடை காட்டுகிறார், வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள் என்று நானும் ஜாடை காட்டினேன்.

அவரை விட்டுவிட்டு ஏறுவதா வேண்டாமா என்று நான் குழம்பவே தேவையில்லாமல் போயிற்று, ஏறுவதற்குக் கப்பலே கரைக்கு வரவில்லை. முந்தின பயணத்தில் சிலருக்கு வாந்தி பேதியாம், சுகாதார அதிகாரிகள் போய்ப் பார்த்து அனுமதி தருகிறவரை கப்பல் கடலிலேயே நிற்க வேண்டுமாம். கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்றார்கள், பிறகு மதியம் என்றார்கள், பிறகு நம் கப்பலுக்கு வைத்திருந்த இடத்தில் வேறொரு கப்பலைக் கட்டிவிட்டார்கள், பொழுது சாய்கிற நேரத்தில் பயணம் ரத்து என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு அதையும் நிறுத்திவிட்டார்கள். கூட்டம் முழுக்கக் கவுண்டரில் இருந்த ஒரு சின்னப் பெண் மேல் பாய்ந்தது. கப்பலை அவளா நிறுத்தினாள்? அவள் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. நடுவழியில் நின்றுபோன பஸ்ஸுக்கு வெளியே நின்று இதே பேச்சை எத்தனை வருஷம் நான் வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறேன், எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாற்காலி மேல் ஏறினேன். விசில் இல்லாத குறையைத் தொண்டையால் தீர்த்தேன். ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நில்லுங்க, யாரையும் விட்டுட்டுப் போக மாட்டோம், எல்லாரையும் அடுத்த வண்டியில ஏத்திவிடுவோம் என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை, தெரிந்துகொள். கண்டக்டராக இருந்த காலம் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அதுவாகவே சொல்லிவிட்டது. கூட்டம் உடனே அடங்கிப்போய் வரிசையில் நின்றது பார், அப்போதுதான் எனக்கே உறைத்தது, இவர்கள் என்னைக் கப்பல் கம்பெனிக்காரி என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பெரியவர் கழிப்பறை சுத்தமாக இல்லை என்று என்னைத் திட்டினார். ஒரு அம்மா அவளுடைய பெட்டியை என் காலடியில் வைத்துவிட்டுப் பார்த்துக்கச் சொல்லிப் போனாள். நான் கம்பெனி ஆள் இல்லை என்று சொல்ல வாயெடுக்கும்போதே மேனேஜர் வந்துவிட்டார். ஒரு வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளக் கூப்பன் தருவோம், பணம் கிடையாது என்று படித்தார். கூட்டம் மொத்தமும் என்னைக் காட்டி, அந்தம்மா அடுத்த கப்பல்னு சொன்னாங்களே என்றது. நீங்க யாரு என்று அவர் கேட்டார். டிக்கெட் வாங்கின பயணி என்றேன். பிறகு எந்த அதிகாரத்தில் வாக்குக் கொடுத்தீர்கள் என்று குதிகுதியென்று குதித்தார். நானும் விடவில்லை. அதிகாரம் இல்லதான் சார், ஆனா சொன்னது சொன்னதுதான், வண்டி நின்னுபோனா கடைசி ஆள் அடுத்த வண்டியில ஏறுற வரைக்கும் கண்டக்டர் இடத்தை விட்டு நகர மாட்டா என்று சொல்லிவிட்டு, அந்த நாற்காலியை அவர் அறை வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பின்னால் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். திட்டிய பெரியவர்தான் முதல் ஆள். கவுண்டர் பெண் யாருக்கும் தெரியாமல் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மேனேஜர் மேலிடத்தோடு பேசிப் பேசி அலுத்துப்போய், கூப்பன் வேண்டுமா, அடுத்த மாதக் கப்பல் வேண்டுமா, முழுப் பணம் வேண்டுமா, அவரவர் இஷ்டம் என்று எழுதி ஒட்டினார். நாங்கள் எழுந்திருக்கும்போது அப்பாவுக்குக் கண்ணாடி அறையிலிருந்து விடுதலை கிடைத்தது, டாக்டர் பார்த்துவிட்டு இது வெறும் தூசி இருமல் என்றாராம். அதற்கும் அவருக்கு வருத்தம்.

எல்லோருக்கும் அடுத்த கப்பல் வாங்கிக் கொடுத்த எனக்கு அந்தக் கப்பல் உதவவில்லை, துறைமுகத்தில் நெரிசல் என்று உன் ஊரை விட்டுவிட்டுப் போகுமாம். அதனால் பணத்தைக் கேட்டேன். அது வந்து சேர்ந்த கதை தனிக் கதை. போன் போட்டால் ஒரு பாட்டு ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும், இப்போது அப்பா முகச் சவரம் செய்யும்போது அந்த மெட்டைத்தான் முணுமுணுக்கிறார். அனுப்பிய பணத்திலும் ஆரோக்கியப் பரிசோதனைச் செலவு என்று பிடித்துவைத்திருந்தார்கள். ஏறாத கப்பலுக்கு ஒட்டின ஸ்டிக்கருக்கும் காசா என்று விடாமல் கேட்டு அதையும் வாங்கினேன்.

இதற்கிடையில் அத்தை வந்தார். அப்பாவின் அக்கா என்றால் இந்த வீட்டில் இரண்டு ஓட்டு அவருக்கு. கடவுளே பார்த்துத் தடுத்துட்டார், மாப்பிள்ளை இல்லாத வீட்டுக்கு எந்த முகத்தோட போவீங்க என்று கேட்டார். மகள் இருக்கிற வீட்டுக்கு இருக்கிற முகத்தோடதான் போவோம் அண்ணி, மாத்து முகம் எதுவும் வாங்கி வைக்கலை என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்பா அப்போதும் செய்தித்தாளுக்குப் பின்னால்தான் இருந்தார். அத்தை பேசியதில் ஒரு நன்மை, எனக்குப் புத்தி வந்தது. நீ சங்கடப்படக் கூடாது என்று ஒரு பகல் போதும் என்று நானே அளந்து வைத்திருந்தேன். பெற்ற மகளைப் பார்க்கப் போவது பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க இறங்குகிற மாதிரியா? கப்பல் நின்றதில் நீ சொன்ன நல்லது ஒன்று உண்டென்றால் அது இதுதான், அந்த ஒரு பகல் கணக்கும் ரத்தாகிவிட்டது. ஆட்டம் பாட்டம் எதுவும் இல்லாத சாதாரணப் பயணிகள் கப்பல் ஒன்று உன் ஊருக்கு வருகிறது. போவதற்கு மட்டும் டிக்கெட் கேட்டேன். திரும்ப எப்போது வருவோம் என்பதை அங்கே வந்து நானும் நீயும் சண்டை போட்டு முடிவு செய்வோம். விசாவில் மூன்று மாதம் இருக்கலாம் என்று போட்டிருக்கிறது, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டேன்.

நேற்று அந்த டிக்கெட்டுக்காகப் போனோம். இப்போது புது சுகாதார விதி ஒன்று வந்திருக்கிறது, போகிற ஊரில் யார் வீட்டில் தங்குகிறோமோ அந்த வீட்டுக்குப் பொறுப்பானவர் பெயரைச் சொல்ல வேண்டும், எங்களுக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் அங்கே உள்ளவர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். பொண்ணு வீட்டுக்கா, அப்ப மாப்பிள்ளை பேரைச் சொல்லுங்க என்று டிக்கெட் போடுகிறவர் தலையைத் தூக்காமல் கேட்டார். மேனேஜரையே பணிய வைத்த நான், பொய் சொல்வதா, விளக்கம் சொல்வதா என்று விழித்தேன். அப்பா முன்னால் வந்தார். மாப்பிள்ளைன்னு யாரும் இல்லை, பொறுப்பு என் பொண்ணு, எழுதிக்கங்க என்று உன் பெயரைச் சொன்னார், அவருடைய இனிஷியலோடு. அந்த ஆள் தயங்கி, கல்யாணம் ஆனா இனிஷியல் மாறியிருக்குமே சார் என்றார். மாறினது திரும்பி வந்துடுச்சு, எழுதுங்க என்றார் அப்பா. நம் வீட்டில் கதவைச் சாத்துகிற சத்தத்தைவிடப் பெரிய சத்தத்தில் சொன்னார், வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்ததும், அவ பயந்துக்கிட்டு இருக்காளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்கிட்டயா என்றார். நான் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன், அவர் பஸ் வருகிறவரை மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார், நல்லவேளை பக்கத்தில் நர்ஸ் யாரும் இல்லை.

ஆகவே கண்ணு, நாங்கள் வருகிறோம். இந்தக் கப்பலும் தாமதமாகலாம், இதுவும் நிற்கலாம், அப்படி நின்றால் அதற்கடுத்தது, நான் நிற்கப்போவதில்லை. எங்களுக்காக வீட்டைத் துடைக்காதே, நாற்காலி கடன் வாங்காதே, தரையில் படுத்தால் எனக்கு முதுகுக்கு நல்லது. வேலைக்கு லீவு போடாதே, புது ஊர்த் தெருவெல்லாம் கண்டக்டருக்குத் தானாகப் பழகிவிடும். எந்தக் குறையும் இல்லாமல், எவருக்கும் தலை குனியாமல், நூறு வயசு நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, கப்பல் வருகிற அன்று தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தாலும் எடு. இறங்குகிற இடத்தில் சுகாதார அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தி, இவர்களுக்குப் பொறுப்பு யார் என்று கேட்பாராம். நான்தான் என்று அப்பா காதில் விழுகிற மாதிரி சத்தமாகச் சொல்.

பெட்டி கட்டிக்கொண்டே எழுதுகிற
உன் அம்மா