டிரம் பெல்ட்டில் நீ தைத்த புடவை

என் மாலதிக்கு,

ஸ்கூல் மைதானத்தில் டிரம் சத்தம் மறுபடி ஆரம்பித்துவிட்டது. சுதந்திர தினத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து வரும்போதே சைடு டிரம் கேட்கிறது, சிம்பல் தாளம் கேட்கிறது. பெரிய பேஸ் டிரம் மட்டும் கேட்கவில்லை. அது ஸ்டோர் ரூமில் உறைக்குள் கிடக்கிறது. ஏன் கிடக்கிறது என்று உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்கூல் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "நீங்கதானே மேடம் அவங்களுக்கு ரொம்ப க்ளோஸ்" என்றார் பி.டி. டீச்சர். நாலு வரி நல்லதாக எழுதி, உன் போட்டோவை மேலே ஒட்டிக் கொடுத்திருக்கலாம். மூன்று தடவை எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அதில் நான் நல்லவளாக வந்து நின்றேன். எனக்கே சகிக்கவில்லை.

நாம் முதலில் பேசிய நாள் ஞாபகம் இருக்கிறதா? எட்டாம் வகுப்புப் பெண்களைப் பேண்டில் சேர்க்கிறோம் என்று பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். சனிக்கிழமை பயிற்சிக்கு உதவ யார் வருவீர்கள் என்று டீச்சர் கேட்டதும் அத்தனை பேரும் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கை தூக்கியது நாம் இரண்டு பேர்தான். நான் எடமலைப்பட்டி புதூர், நீ ஸ்ரீரங்கம். நான் ஞாயிறானால் மீன் குழம்பு வைக்கிற வீடு, நீ பூண்டே வாங்காத வீடு.

"நமக்குள்ள என்ன ஒத்துப்போகும்னு யோசிக்கறேளா? நம்ம ரெண்டு பேர் பொண்ணும் ஒரே வரிசையில நடக்கப் போறா, அது போறாதா?" என்று சிரித்தாய். இரண்டே சனிக்கிழமையில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. என்னைவிட நீ இரண்டு வயது சின்னவள் என்று தெரிந்ததும் உன் மகள் வேதாவைக் கூப்பிட்டு, "இனிமே ஆன்ட்டி கிடையாது, வசந்தி பெரியம்மா" என்று சொல்லிவிட்டாய். அதை அவ்வளவு சுலபமாகச் சொன்னாய்.

அந்த மைதானத்தில் நாம் செய்யாத வேலை உண்டா? ஸ்குரூ கழன்ற டிரம்மை முடுக்கினோம். ஷூவுக்கு வெள்ளை அடித்தோம். வெயிலில் தலைசுற்றி உட்கார்ந்த பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தோம். இடது கால் எது வலது கால் எது என்று தெரியாமல் அவர்கள் முட்டி மோதிக்கொண்ட அந்த முதல் மாதம்! நீ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பக்கத்திலேயே "லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்திக்கொண்டு போவாய். பேஸ் டிரம்மில் அடி விழும்போது எல்லோருடைய இடது காலும் தரையில் இருக்க வேண்டும். அந்த ஓர் அடியைப் பிடித்துக்கொண்டுதான் முப்பது பேரும் நடக்கிறார்கள் என்பதே நமக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த டிரம்மை முதலில் என் மகள் சங்கவிக்குத்தான் மாட்டிப் பார்த்தார்கள். அவள் அவசரக்குடுக்கை. பத்தடி போவதற்குள் அடி ஓட ஆரம்பித்துவிட்டது, பின்னால் வந்தவர்களும் ஓடினார்கள். அப்புறம் வேதாவுக்கு மாட்டினார்கள். ஆள் ஒல்லிக் குச்சி, உயரம் மட்டும்தான் இருந்தது. ஆனால் மைதானத்தை இரண்டு சுற்று சுற்றி வந்தும் அடி பிசகவில்லை. டிரம் அவளுக்கு, சிம்பல் சங்கவிக்கு என்று முடிவானது.

சங்கவி பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதாள், மறுநாள் மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை, மாலதி. "நம்ம வேதா என்னமா அடிக்கிறா!" என்று உன்னிடம் சொன்னேனே, அது நிஜம். சொல்லும்போது வயிறு எரிந்ததும் நிஜம். ஒன்றரை வருஷம் அதை உன் கண்ணில் படாமல் வைத்திருந்தேன். உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் புளியோதரை கட்டிக்கொண்டு வந்தாயா?

டிரம்மின் கான்வாஸ் பெல்ட் அறுத்து வேதாவின் தோளில் இரத்தம் கட்டியபோது, உன் மாம்பழ நிறச் சுங்குடிப் புடவையைக் கிழித்தாய். நீ அன்றாடம் கட்டி நைந்த புடவை அது. மடித்து மடித்து, திண்டு போல வைத்து, பெல்ட்டின் உள்பக்கம் முழுக்கக் கையாலேயே தைத்தாய். புது பெல்ட் வாங்கிக்கொள்ளலாமே என்றார் டீச்சர். "இருக்கட்டும் டீச்சர். இப்படின்னா நானும் அவ தோள்ல ஏறிண்டு நடந்த மாதிரி இருக்கும்" என்றாய்.

இந்த வருஷம்தான் முதல் தடவையாகக் குடியரசு தின அணிவகுப்புக்கு நம் பேண்டைக் கூப்பிட்டார்கள். மார்கழி முழுக்கக் கோயிலில் சேவித்துவிட்டு நேரே ஸ்கூலுக்கு ஓடி வந்தாய். அணிவகுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது காய்ச்சல் என்று படுத்தாய். டெங்கு என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாய். இன்றைக்கும் அந்த மூன்று நாளை என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை.

கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். வேதா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, பெல்ட் ஸ்கூல்ல பத்திரமா இருக்கா?" என்று கேட்டாள். தாயைப் பறிகொடுத்த பிள்ளை, என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிறது என்று நினைத்தேன். "இருக்குடா கண்ணு" என்றேன்.

இரண்டு நாள் கழித்து டீச்சர் என்னிடம் கேட்டார். "வேதா அடிக்க வருவாளா மேடம்? அவங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கட்டுமா?"

"பத்து நாள் தீட்டு டீச்சர். ஆச்சாரமான குடும்பம். இந்த நேரத்துல போய்க் கேட்டா அவங்க மனசு என்ன பாடுபடும்? கேக்கவே கேக்காதீங்க" என்றேன்.

எவ்வளவு நாகரிகமான பேச்சு, பார்த்தாயா! தீட்டு, மடி என்று யார் சொன்னாலும் சிரிக்கிறவள் நான். உன்னையே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு உன் வீட்டுத் தீட்டை உன் வீட்டாரைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் டீச்சரின் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். "அப்ப சங்கவி அடிப்பாளா மேடம்?" அதே கேள்விதான் வந்தது. கொஞ்சம் தயங்குவது போல நின்றுவிட்டுச் சரி என்றேன்.

அணிவகுப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் பெல்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேதாவின் உயரத்துக்கு நீ தைத்தது அது. சங்கவிக்கு டிரம் முழங்காலில் இடித்தது. மடித்து நாலு ஊசி குத்தியிருந்தாலே போதும். நான் கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரு சாண் நீளம் வெட்டி எடுத்துவிட்டு, முனைகளைச் சேர்த்து மெஷினில் ஓட்டினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செத்துப்போனவள் கைபட்டது என் பிள்ளை தோளில் ஏறுகிறதே என்று ஒரு பயம் வந்தது. வாளியில் மஞ்சளைக் கரைத்தேன். அதில் பெல்ட்டை முக்கி எடுத்து, சோப்புப் போட்டுக் கசக்கி அலசி, இஸ்திரி போட்டுக் காயவைத்தேன். சடங்கைப் பார்த்துச் சிரிக்கிறவள் செய்த வேலை இது. உன் கையால் எத்தனை நாள் வாங்கித் தின்றிருக்கிறேன்! உன்னைக் கண்டு நான் பயந்தேன், மாலதி.

மறுநாள் காலை அணிவகுப்பு மைதானத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது வேதா வந்தாள். முழு யூனிஃபார்ம், வெள்ளை ஷூ. ரிப்பன் மட்டும் கோணலாக இருந்தது. அவளுக்குத் தலை பின்னி விடுபவள் நீதானே. அவளைப் பார்த்ததும் சங்கவி டிரம்மைக் கழற்றப் போனாள்.

"அம்மா, குடுத்துடறேன்மா."

"வரிசையில நில்லு" என்று அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். பிறகு வேதாவிடம் திரும்பி, நாலு பேர் காதில் விழும்படியே சொன்னேன். "நீ இங்க வரக்கூடாதும்மா. இன்னும் பத்து நாள் முடியலையே."

அவள் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை அதன் பக்கம் கை நீண்டது. நான் குறுக்கே வந்து நின்றேன். அப்புறம் வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்க் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டாள். பேண்ட் கிளம்பியது. சங்கவியின் அடி ஒன்றுகூடப் பிசகவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். கயிற்றுப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

வேதா அதற்குப் பிறகு பேண்டுக்கு வரவில்லை. டீச்சர் இரண்டு தடவை கூப்பிட்டார். "பத்தாவது வரப்போறது மிஸ், படிக்கணும்" என்றாளாம். பாவம், அம்மா நினைப்பு என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். பெற்றோர் கூட்டத்தில் நீ உட்காரும் நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார்கள். மாலதி விட்ட இடத்தை வசந்திதான் நிரப்புகிறாள் என்று பாராட்டினார்கள். உட்கார்ந்தேன்.

வீட்டில் ஒருத்தி மட்டும் பாராட்டவில்லை. ஜூனில் ஸ்கூல் திறந்ததும், இனி டிரம்மைத் தொட மாட்டேன் என்று சங்கவி சொல்லிவிட்டாள். "அது என்னோடது இல்லம்மா. உனக்கும் தெரியும்." இப்போது மறுபடி சிம்பலுக்கே போய்விட்டாள். டிரம் ஸ்டோர் ரூமுக்குப் போனது இப்படித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை பெல்ட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்தேன். கான்வாஸ் துண்டு வைத்துப் பழைய நீளத்துக்கு ஒட்டுப் போட்டிருந்தேன். வேதாவைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் நான் செய்தது இல்லையென்று ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. உன் வீட்டுக்காரர் "வாங்கோ, உக்காருங்கோ" என்று சொல்லிவிட்டு, அவரே காபி கலந்து கொண்டுவந்தார். டிகாக்‌ஷன் தண்ணீராக இருந்தது. உன் வீட்டில் அப்படி ஒரு காபியை நான் குடித்ததே இல்லை.

"அணிவகுப்பு அன்னிக்கு வேதாவை நான்தான் ஸ்கூட்டர்ல கொண்டுவந்து விட்டேன்" என்றார். "எங்க அக்கா தங்கையெல்லாம் கூடவே கூடாதுன்னா. மாலதி இதுக்காக எவ்வளவு அலைஞ்சிருக்கா, பெருமாள் ஒண்ணும் கோச்சுக்க மாட்டார், நீ போன்னு அனுப்பினேன்." அவ்வளவுதான் சொன்னார். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

வேதா உள்ளேயிருந்து வந்தாள். வளர்ந்திருக்கிறாள், இப்போது ரிப்பன் கோணவில்லை. பெல்ட்டை இரண்டு கையாலும் வாங்கி, உன் புடவைப் பக்கத்தை முகத்தில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு மடித்து என்னிடமே நீட்டினாள்.

"தோச்சுட்டேளா, ஆன்ட்டி?"

பெரியம்மா இல்லை. ஆன்ட்டி.

"அன்னிக்கு நான் அடிக்க வரலை" என்றாள். "சங்கவி அடிக்கப் போறாள்னு எனக்குத் தெரியும், அவளே போன் பண்ணிச் சொல்லிட்டா. எங்காத்துல அம்மா துணி ஒண்ணு விடாம மொத நாளே தண்ணில நனைச்சுட்டா. புடவையெல்லாம் சுமங்கலியாப் போனவளோடதுன்னு அத்தைகள்லாம் ஆளுக்கொண்ணா எடுத்துண்டா. என்னை யாரும் கேக்கலை. தோய்க்காதது அது ஒண்ணுதான் இருந்தது. ஒரு தரம் மோந்து பாத்துட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். யூனிஃபார்ம் இல்லேன்னா உள்ள விட மாட்டான்னு போட்டுண்டு வந்தேன்."

அவள் அழவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்வது போலச் சொன்னாள். அவள் அப்பா டம்ளரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். நான் என்ன சொன்னேன் என்று கேட்காதே. போயிட்டு வரேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். அம்மா மண்டபம் படித்துறை தாண்டும்வரை எந்தப் பஸ்ஸில் ஏறினேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போதுதான் ஞாபகம் வந்தது. நான் முதலில் வெட்டினேன், பிறகுதான் தண்ணீரில் முக்கினேன். அப்படியென்றால் அந்த ஒரு சாண் துண்டு?

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தேடினேன். பட்டன் போட்டு வைக்கும் பழைய பிஸ்கட் டப்பாவில், எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. மாம்பழ நிறம் மங்கவில்லை. உன் தையல் அப்படியே இருக்கிறது, சின்னச் சின்னதாக, ஓரத்தில் இரண்டு தடவை முடிச்சுப் போட்டு. தண்ணீர் படாத துண்டு.

மூக்கருகே கொண்டுபோகத் தோன்றியது. கொண்டுபோகவில்லை. அதில் நீ இருக்கிறாயா, டிரம் தூக்கிய வேர்வை மட்டும்தான் இருக்கிறதா, இந்த ஆறு மாதத்தில் தகர டப்பாவின் வாடை எல்லாவற்றையும் தின்றுவிட்டதா, எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவள் நான் இல்லை. டப்பாவை மூடிவிட்டேன்.

நாளைக் காலை அதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போகிறேன். திறக்காமல் வேதாவின் கையில் கொடுப்பேன். தீட்டு பார்த்து அவளைத் தடுக்கவில்லை, பொறாமையில் தடுத்தேன் என்று அவளிடமும் அவள் அப்பாவிடமும் சொல்வேன். பேண்டுக்குத் திரும்பி வா என்று கேட்க மாட்டேன். டப்பாவில் வெறும் துணிதான் மிஞ்சியிருக்கிறது என்றால், அப்போது அவள் முகம் எப்படிப் போகிறதோ, அதையும் நின்று பார்ப்பேன். இந்தத் தடவை திரும்பிக்கொள்ள மாட்டேன். உனக்கு நான் தரக்கூடிய வாக்கு இவ்வளவுதான். அதற்கப்புறம்தான் இந்தக் கடிதம் மலருக்குப் போகும். ஒரு வரியைக்கூட எடுக்கக் கூடாது என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

கீழே முதலில் 'வேதாவின் பெரியம்மா' என்றுதான் எழுதினேன். எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். அந்த உறவை நீ கொடுத்தாய், அவள் திருப்பி எடுத்துக்கொண்டாள். அவளாகக் கொடுக்கும்வரை,

சங்கவியின் அம்மா மட்டும்,
வசந்தி