மூன்று தடவை கூப்பிட்டாய்

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு, அக்கா எழுதுவது.

அன்று ஆஸ்பத்திரி மாடி வராந்தாவில் இருந்தவர்கள் நீ, நான், என் வீட்டுக்காரர், உன் கொழுந்தன், மருந்து வண்டி தள்ளிவந்த நர்ஸம்மா. உள்ளே கட்டிலில் உன் புருஷன். ஆறு வருஷம் ஆனாலும் யார் எந்தச் சுவரோரம் இருந்தார்கள் என்றுகூடச் சொல்வேன். மறக்கிற ஜென்மமா நான்?

சாயங்காலம் கிளம்பினேன். விடிவதற்குள் அவர் உயிர் போய்விட்டது. அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தவளை நீ ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதோடு பேச்சும் நின்றது. நான் என்னடி செய்தேன்? இதைக் கேட்க இத்தனை நாள் ரோஷம் விடவில்லை.

இப்போது ஏன் கேட்கிறேன் என்றால், எனக்குக் காது மிஷின் வைத்திருக்கிறார்கள். பின்னால் லாரி ஹாரன் அடித்தது தெரியாமல் நடந்து, கடைசி நொடியில் பதறி விழுந்து முழங்கை உடைந்தது. பேத்திதான் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். “பாட்டி, உங்களுக்குப் பாதிதான் கேக்குது. பத்து வருஷமாவே இருக்கும்” என்றார் டாக்டரம்மா. எல்லோரும் முணுமுணுக்கப் பழகிவிட்டார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்! வாயைப் பார்த்துத் தலையாட்டி, பிறர் சிரித்தால் சிரித்து, அலுத்துப்போய் யார் வீட்டுக்கும் போவதையே விட்டேன். பேத்தி நன்றாயிருக்கட்டும். இப்போது ஃபிரிட்ஜ் உறுமுவதுகூடக் கேட்கிறது. என் வீட்டுக்காரர் டீ உறிஞ்சுகிற சத்தம், அப்பப்பா!

உன் குரல்தான் இன்னும் கேட்கவில்லை.

அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

நீ படியிறங்கும்போது பின்னாலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன். “அக்கா, பயமாயிருக்கு. இன்னைக்கு மட்டும் கூட இரு” என்றேன். நீ திரும்பவே இல்லை. அத்தான் திரும்பினார். என்னைப் பார்த்துவிட்டு, உன் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போனார். என் புருஷன் கண்ணை நான் ஒருத்தியாகத்தான் மூடினேன்.

முகம் பார்த்துப் பேசினால் டக்கென்று பதில் சொல்கிறவள் நீ. காது கேட்காதென்று எனக்கு எப்படித் தெரியும்? கல்நெஞ்சக்காரி என்று வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். உன் கடிதம் வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. வா அக்கா.

தங்கை

மார்ச் 15

என் கண்ணே,

நீ எழுதாமலிருந்தால் தெரியாமலே செத்திருப்பேன். எழுதினாயே, அதற்கே உன்னைக் கும்பிட வேண்டும். அன்றைக்கு நீ பட்ட பாட்டை நினைத்து இரண்டு நாள் அழுதேன்.

கடிதத்தை இவர் முன்னால் போட்டேன். “அவ கூப்பிட்டது கேட்டுச்சு. உனக்குக் கேக்கலன்னும் தெரியும். அத்தனை பேர் முன்னாடி என் பொண்டாட்டி செவிடுன்னு சொல்லச் சொல்றியா?” என்கிறார். “அதுக்கு?” என்றேன். “உன்னைப் பத்தி, அவ கோவக்காரி, கண்டுக்காதீங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன்.” கேட்டாயா? செவிடியைவிடக் கோபக்காரி கௌரவமாம்!

ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். ஒரு மாதம் இருப்பேன். பெட்டி கட்டியாகிவிட்டது. திட்ட வேண்டியதையெல்லாம் நேரில் திட்டு. ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொள்கிறேன், கேட்கிற பாக்கியம் கிடைத்ததே.

டாக்டரம்மாவுக்கும் பேத்திக்கும் ஆயுசு கூடட்டும். அந்த லாரிக்காரனைக்கூட வாழ்த்திவிட்டேன். அன்று தான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்ட உன் கொழுந்தனையும் போனால் போகிறான் என்று விட்டாயிற்று. மன்னிக்க மனசு வராதது ஒரே ஆளை. என் வீட்டுக்காரர்.

அக்கா