நாலந்தை அம்பலத்தில் உன் மகள்

என்னைப் பெறாமலே பிள்ளையாக வைத்துக்கொண்ட மாரியக்காவுக்கு,

நல்ல சேதியை முன்னால் வைத்துக் கெட்டதைப் பின்னால் ஒளிப்பது சரக்கு விற்கிறவன் பழக்கம். உன்னிடம் அது செல்லாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மகள் பொன்னி கண்டியை விட்டுப் போய்விட்டாள். புருஷனோடும் ஒன்பது மாதப் பிள்ளையோடும், கடல் கடந்து ஊருக்குப் போகிற மன்னார்ப் பாதையில் கால்நடையாகக் கிளம்பி இன்றைக்கு ஐந்தாம் நாள். அவளைக் கிளப்பியது நான்தான்.

நீ போய் இரண்டு வருஷமாகிறது. இந்த இரண்டு வருஷத்தில் கோப்பிச் செடிக்கு வந்த இலைநோய் எத்தனை தோட்டத்தைத் தின்றது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். மொட்டைக் குச்சியாக நிற்கிற மலைகளைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குப் பழகிப் போயிருந்தது. பாங்கு விழும் என்று மட்டும் யாரும் நினைக்கவில்லை.

கொழும்பில் இருக்கிற பெரிய பாங்கு கதவைச் சாத்திவிட்டது. எந்தப் பாங்கு என்று நீ கேட்கமாட்டாய். நமக்கெல்லாம் பாங்கு என்றால் துரைமார் போய்க் காகிதம் வாங்கி வருகிற இடம், அவ்வளவுதான். அந்தக் காகிதத்தை இப்போது எவனும் தொடமாட்டேன் என்கிறான். சேதி வந்த காலையில் சந்தையில் ஒரு கங்காணி ஐந்து ரூபாய் நோட்டை நீட்டிக் கருவாடு கேட்டான். கருவாட்டுக்காரி அதை வாங்கி, நாலாக மடித்து, அவன் தலைப்பாகையிலேயே செருகினாள். "பூ மாதிரி அழகா இருக்கு, வச்சுக்கங்க," என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வெள்ளி ரூபாய் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதைப் பானைக்குள்ளும் மண்ணுக்குள்ளும் போட்டுவிட்டார்கள்.

நீ வேலை செய்த கோப்பி ஸ்டோரில் அன்றைக்குச் சம்பளம். தோட்டத்திலிருந்து வருகிற கொட்டையைக் காயவைத்துப் பொறுக்கித் தரம் பிரிக்கிற நூற்றிருபது பெண்களும் முற்றத்தில் நின்றிருக்கிறார்கள். துரை வெளியே வந்து, "காசு இல்லே. பாங்கு சாத்தியாச்சு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவர் சேர்த்ததும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் கிடக்கிறது.

நம் தெருவில் அரிசி வைத்திருக்கிற கடை ஏழு. என் கடைக்கு எதிர்க்கடை உமர் நானாவை உனக்குத் தெரியும், திகனக்காரர், உன்னோடு தேங்காய் விலைக்குச் சண்டை பிடித்துச் சண்டை பிடித்தே சிநேகமானவர். அவரும் நானுமாக மற்ற ஐந்து பேரையும் கூட்டினோம். அந்தப் பெண்கள் பட்டினியில் வேலையை விட்டால் ஸ்டோர் நிற்கும். ஸ்டோர் நின்றால் தெரு நிற்கும். இதில் தருமம் பாதி, சுயநலம் பாதி. உன்னிடம் நான் வேறு மாதிரி சொல்லி என்ன ஆகப் போகிறது?

யோசனை என்னுடையது. நூற்றிருபது அடுப்பில் எரிகிற விறகை ஒரே அடுப்பில் எரித்தால் எவ்வளவு மிச்சம்? அரிசியை ஏழு கடையிலும் பிரித்துக் கொடுத்தால் களவு போகும், ஒரே இடத்தில் சமைத்தால் கண்ணுக்கு முன்னால் இருக்கும். கோயிலில் கேட்டுப் பெரிய அண்டாவை இரவல் வாங்கினேன். ஸ்டோர் வாசலில் பலாமரத்தடியில் கல்லுக் கூட்டி, பருப்புப் போட்டுச் சோறு பொங்க வைத்தேன். கஞ்சி கூட இல்லை அக்கா, சோறு. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றேன்.

பெண்கள் வந்தார்கள். அண்டாவைப் பார்த்தார்கள். அப்படியே நின்றார்கள். ஒருத்தி கையிலிருந்த சட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். வரிசையில் வா என்று நான் கூப்பிடக் கூப்பிட ஒருத்தரும் முன்னால் வரவில்லை.

உன் சோடி வெள்ளச்சிதான் கிட்டே வந்தாள். நீ போனதிலிருந்து பொறுக்குகிற வரிசைக்கு அவள்தான் தலைவி.

"இத யாரு வைக்கச் சொன்னது?"

"நான்தான். சோறு வெள்ளச்சி, பருப்புச் சோறு. கஞ்சி இல்ல."

"அண்டா அண்டாதான். கூலி இல்லன்னு வாயால சொல்லியிருந்தா ஒரு வாரம் பொறுத்திருப்போம் மொதலாளி. நீங்க எல்லாரும் செத்துப் போவீங்கன்னு பாத்திரத்தால சொல்லிப்புட்டீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே நின்றவர்களில் பாதிப் பேர் நம்மைப் போல ஊரில் மழை இல்லாமல் போன அந்த வருஷம் தப்பி வந்தவர்கள். சர்க்கார் வைத்த கஞ்சித் தொட்டி முன்னால் நாமும்தானே நின்றோம்? பதினோரு நாள். இன்றைக்குக் கொஞ்சம் கெட்டியாக ஊற்றுவான், நாளைக்கு மழை வரும் என்று பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் உன் சின்ன மகனை மண்ணில் வைத்துவிட்டு, பொன்னியை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாய். எனக்கு மீசை முளைத்திருந்தது, ஆனாலும் நீ கையை விடவில்லை. அதெல்லாம் எனக்கு எப்படி மறந்தது? விறகுக் கணக்குப் போட்ட தலையில் அதற்கு இடம் இல்லாமல் போய்விட்டதா?

பொன்னி கூட்டத்தின் கடைசியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மெதுவாக வந்து கேட்டாள்.

"மாமா, இது எத்தன நாளைக்கு?"

அவள் அரிசி இருப்பைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "பத்துப் பதினஞ்சு நாளைக்குத் தாங்கும்," என்றேன், பெருமையாக.

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். பொழுது சாயும்போது லயத்து வரிசையில் அவள் வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது, அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடக்கிறது. அவளோடு இன்னும் எட்டுக் குடும்பம். நீ அவளுக்குச் சொல்லி வைத்தது என்ன என்று வெள்ளச்சி சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். "அண்டாவக் கண்டா நிக்காத. கால்ல பலம் இருக்கும்போதே நட." தாய் சொல்லைத் தட்டாத மகள். நீ சொன்னதும் தப்பில்லை, அவள் கேட்டதும் தப்பில்லை. ஆனால் பாதையில் இப்போது வாந்திபேதி இருக்கிறது அக்கா. மாத்தளைக்கு அங்கால் வழிப்போக்கர் தங்குகிற அம்பலத்துக்கு அம்பலம் ஆள் விழுகிறார்கள் என்கிறார்கள்.

மறுநாள் காலை என் வண்டிக்காரனை அரிசி மூட்டையோடு அவர்கள் பின்னால் அனுப்பினேன். அண்டாவைக் கழுவிக் கோயிலுக்குத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு உமர் நானாவைக் கூட்டிக்கொண்டு துரையிடம் போனேன்.

"காசு இல்லே," என்றார் மறுபடியும். "கோப்பிதான் இருக்கு."

"அப்ப கோப்பியக் குடுங்க தொர," என்றார் நானா. "அரிசி வந்து எங்களக் கேக்கவா போவுது, எதைக் குடுத்து வாங்கினீங்கன்னு?"

ஸ்டோரில் கொடுக்கும் பித்தளை வில்லை உனக்கு மறந்திருக்காது. ஒரு நாள் பொறுக்கினால் ஒரு வில்லை, சம்பளத்தன்று அதைக் கொடுத்துக் காசு வாங்குவது. அந்த வில்லையையே இனி ஏழு கடையும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தோம். ஒன்றுக்கு இரண்டு கொத்து அரிசி. வாங்கின வில்லையை நாங்கள் ஸ்டோரில் கொடுத்தால் துரை அதற்குக் கோப்பி மூட்டை தருவார். கோப்பி ரயிலில் கீழே போகும், கொழும்பிலிருந்து அரிசி மேலே வரும். நடுவில் காகிதமே கிடையாது. பெண்கள் எப்போதும் போலக் கடைக்கு வந்து, விலை பேசி, கல் கிடக்கிறது என்று திட்டி, அளந்து வாங்கிக்கொண்டு போவார்கள். எவரும் எவர் முன்னாலும் சட்டி ஏந்த வேண்டாம்.

ஒரே பயம்தான். ஒரு கடை வில்லையை மறுத்தால் அடுத்த கடையும் மறுக்கும். பத்து நிமிஷத்தில் அது வெறும் பித்தளை.

முதல் வில்லையை வெள்ளச்சி என்னிடம் கொண்டுவரவில்லை. வேண்டுமென்றே தெருவைத் தாண்டி உமர் நானா கடைக்குப் போனாள். ஏழு கடைக்காரரும் வேலையை விட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். நானா வில்லையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கடித்துப் பார்த்தார்.

"கரையுதா நானா?" என்றாள்.

"உப்புச் சரியா ஈக்கான்னு பாத்தன் புள்ள," என்று சொல்லி, இரண்டு கொத்தையும் தலை தட்டாமல் குவித்து அளந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இரண்டு நாள் இப்படி ஓடியது. மூன்றாம் நாளான இன்று வண்டிக்காரன் திரும்பி வந்தான். நாலந்தை அம்பலத்தில் அவர்களைப் பிடித்திருக்கிறான். பிள்ளைக்குக் காய்ச்சல், அதனால் அங்கேயே தங்கியிருக்கிறார்கள். அரிசியை வாங்கிக்கொண்டார்களாம். திரும்பி வரச் சொன்னதற்குப் பொன்னி சொல்லி அனுப்பியதை அவன் அப்படியே ஒப்பித்தான்.

"மாமா யாவாரி. அரிசியும் அனுப்புவாரு, நல்ல வார்த்தையும் அனுப்புவாரு. அங்க பஞ்சம் இல்லன்னா அவரே கடைய விட்டுட்டு வரட்டும். கடையப் பத்திப் பயம் இல்லாத மனுசன்தான் கடைய விட்டு வருவான். மூணு நாள் பாப்பேன். அப்புறம் நடப்பேன்."

உன் மகள்தான். என் மருமகளும்தான். அந்த மூன்று நாளில் இரண்டு நாள் வண்டிக்காரன் வந்து சேருவதிலேயே போய்விட்டது.

கேட்ட உடனே மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். உமர் நானா வாசலில் மறித்தார்.

"எங்க தம்பி?"

"பொன்னியக் கூட்டி வர."

"கூட்டி வாங்க, வேணாங்கல்ல. ஆனா நீங்க கடைப் பலகையப் பூட்டினா இந்தத் தெரு என்ன சொல்லும்? வில்லையக் கொண்டாந்த மனுசனே ராவோட ராவா ஓடிட்டான்னு சொல்லும். நாளைக்கு ஒரு கடைலயும் ஒருத்தனும் வில்லைக்கு அளக்க மாட்டான்."

"அப்ப உங்ககிட்டச் சாவியக் குடுக்கிறேன்."

"என்கிட்டத் தந்தா, ரெண்டு பேரும் சேந்து பங்கு போட்டுட்டாங்கன்னு சொல்லும்."

நான் கடையை விட்டு வந்தால் பஞ்சம் இல்லை என்று உன் மகள் நம்புவாள். நான் கடையை விட்டுப் போனால் பஞ்சம் வந்துவிட்டது என்று தெரு நம்பும். ஒரே கால்தான், எடுத்து வைத்தால் ஒரு பக்கம் உடைகிறது, வைக்காவிட்டால் மறுபக்கம் உடைகிறது. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? என்னைத் திட்டியிருப்பாய். அதற்குப் பிறகு?

அப்போது வெள்ளச்சி வில்லையோடு வந்தாள். அளக்க எழுந்த எனக்கு, வேறு ஒன்றும் யோசிக்காமல் அளக்கிற கொத்தை அவள் கையில் கொடுக்கத் தோன்றியது.

"நீயே அள வெள்ளச்சி. நாளைக்கும், நான் வரும் வரைக்கும். கல்லாவுல நீ உக்காரு."

"நானா? எனக்கு எழுத்துத் தெரியாது."

"வில்லைக்கு எழுத்து எதுக்கு? ஒண்ணு வாங்கு, ரெண்டு அள."

கொத்தை வாங்கிக்கொண்டாள். "கூலி?"

"எங்க அக்கா பேருக்குச் செய்ய மாட்டியா?"

"அவ பேருக்குன்னா ரெட்டைக் கூலியில்ல கேக்கணும். அவ அப்படித்தான் கேட்டிருப்பா."

உமர் நானா சிரித்துவிட்டார். "இது சரி," என்றார். "அரிசி மேல அவங்கட ஆளே உக்காந்திருந்தா எவ ஓடுவா?" மற்ற ஐந்து கடைக்காரர்களில் இருவர் முகத்தைச் சுளித்தார்கள், பொம்பிளை, அதுவும் கூலிக்காரி, கல்லாவில் உட்காருவதா என்று. உட்கார்ந்துவிட்டாள். பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. இது நாளைக்கு நிலைக்குமா, எனக்குத் தெரியாது அக்கா. நிலைக்க வேண்டும்.

காலை ரயிலில் மாத்தளைக்குப் போகிறேன். அங்கிருந்து வண்டி பிடித்தால் பொழுது போவதற்குள் நாலந்தை. காய்ச்சலுக்கு நாட்டு மருந்து முடிந்து வைத்திருக்கிறேன். வழியில் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார் நானா.

இந்தக் கடிதத்தை எங்கே வைப்பது என்று நீ கேட்பாய். உன்னைப் புதைத்த மேட்டில் வைத்தால் மழை கரைத்துவிடும். பசை தடவிக் கடைத் தூணில் ஒட்டிவிட்டுப் போகப் போகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சத்தமாகப் படிக்கட்டும். அண்டா வைத்தது என் பிசகு என்று தெருவுக்குத் தெரியட்டும். இந்தச் சடையன் எங்கே போனான், எதற்குப் போனான் என்று ஒருவரும் ஊகிக்க வேண்டியதில்லை. உனக்கு நான் பொய் எழுதமாட்டேன் என்று இவர்கள் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு என்னிடம் இருக்கிற செல்லுகிற சரக்கு அது ஒன்றுதான்.

பொன்னியிடம் நல்ல வார்த்தை எதுவும் சொல்லப் போவதில்லை. அண்டா வைத்தது என் தப்பு என்று சொல்வேன். நடந்ததைச் சொல்வேன். அதன் பிறகு கண்டிப் பக்கமா, மன்னார்ப் பக்கமா என்று அவள் தீர்மானிக்கட்டும். எந்தப் பக்கம் நடந்தாலும் பிள்ளை என் தோளில் இருக்கும் அக்கா. அதற்கு நான் பொறுப்பு.

பதினோரு நாளும் உன் பங்கில் பாதியைக் குடித்து உயிர் பிழைத்த
உன் தம்பி சடையன்